விதியென்று விடாதவர்கள்

(மெல்பர்ன் தமிழர்கள் கூடிய பொது நிகழ்வு ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு சட்டமன்ற உறுப்பினரை நாம் எப்படி எடைபோடுகிறோம்? எங்கள் பகுதிக்கு ரோடு போட்டாரா, பாலம் கொண்டுவந்தாரா, பஸ் விட்டாரா என்று கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்விகள்தான். பாலம் கண்ணுக்குத் தெரிகிறது. திறந்துவைத்தவர் பெயர் அதில் இருக்கிறது. ஆனால் சாலையில் சாகாமல் வீட்டுக்குத் திரும்பி வந்த மனிதன் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. தான் காப்பாற்றப்பட்டது அவனுக்கே தெரியாது. அவனைக் காப்பாற்றிய சட்டத்தை எழுதியவருக்குக் கல்வெட்டு கிடையாது. நான் இன்று பேச வந்தது அப்படிப்பட்ட வேலையைப் பற்றி. நாம் குடியேறி வாழ்கிற இந்த விக்டோரியா மாநிலத்தின் சட்டமன்றம் அந்த வேலையை உலகுக்கே முன்னோடியாகச் செய்திருக்கிறது.

நம் ஊர்களில் சாலையில் ஒருவர் இறந்தால் என்ன சொல்வோம்? "விதி முடிஞ்சு போச்சு" என்போம். "அவன் ஆயுசு அவ்வளவுதான்" என்போம். இழந்தவர்களுக்கு அது ஆறுதல். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சட்டம் செய்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பவர் அப்படிச் சொல்லக் கூடாது. அவர் "ஏன்?" என்று கேட்க வேண்டும். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்த வேகத்தில், என்ன இருந்திருந்தால் இவர் பிழைத்திருப்பார் என்று கேட்க வேண்டும். போக்குவரத்துத் துறையில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் செய்யக்கூடிய எல்லா வேலைகளுக்கும் அடிப்படை இந்தக் கேள்விதான் என்பது என் உறுதியான கருத்து.

1970-ஆம் ஆண்டுக்குப் போவோம். அந்த ஆண்டு அக்டோபர் 15 அன்று, கட்டிக்கொண்டிருந்த வெஸ்ட் கேட் பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. 35 தொழிலாளர்கள் மாண்டார்கள். மாநிலமே உறைந்துபோனது. உடனே விசாரணை ஆணையம் அமைத்தார்கள். வடிவமைப்பில் என்ன பிழை, மேற்பார்வையில் என்ன பிழை என்று அக்கக்காகப் பிரித்து ஆராய்ந்தார்கள். அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் அதே 1970-இல் விக்டோரியாவின் சாலைகளில் இறந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 1,061 பேர். நாளொன்றுக்கு மூன்று பேர் வீதம். அதாவது ஏறத்தாழ பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு வெஸ்ட் கேட் பாலம் இடிந்துகொண்டிருந்தது. ஒருவர் ஒருவராக, வெவ்வேறு தெருவில், வெவ்வேறு ஊரில் இறந்ததால் அதை யாரும் ஒரே பேரழிவாகப் பார்க்கவில்லை. அன்று மாநிலத்தின் மக்கள்தொகை சுமார் 34 லட்சம். ஒரு லட்சம் பேருக்கு முப்பதுக்கும் மேற்பட்டோர் அந்த ஆண்டு சாலையில் செத்தார்கள்.

அந்தச் சாவுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் வால்டர் ஜோனா. மெல்பர்னின் ஹாதார்ன் தொகுதியிலிருந்து லிபரல் கட்சி சார்பில் 1964-இல் சட்டமன்றத்துக்கு வந்தவர். பின்னாளில் ரூபர்ட் ஹேமர் முதல்வராக இருந்த காலத்தில் குடியேற்றத்துக்கும் பல்லின மக்கள் நலனுக்கும் அமைச்சராக இருந்தவர் அவரே. ஆனால் நான் சொல்ல வருகிற வேலையை அவர் செய்தபோது அமைச்சர் பதவி எதுவும் அவரிடம் இல்லை. 1967-இல் சட்டமன்றத்தின் இரு அவைகளிலிருந்தும், வெவ்வேறு கட்சிகளிலிருந்தும் உறுப்பினர்களைச் சேர்த்து, சாலைப் பாதுகாப்புக்கென்று ஒரு கூட்டுக்குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவராகத்தான் ஜோனா அந்த வேலையைச் செய்தார்.

குழு என்றால் பலருக்கும் ஓர் அலுப்பு வரும். பிரச்சினையைக் கிடப்பில் போடத்தான் குழு போடுவார்கள் என்று நினைப்போம். இந்தக் குழு அப்படி இருக்கவில்லை. சட்டமன்றக் குழுவுக்கு ஒரு தனி பலம் உண்டு. அவையில் பேசும்போது உறுப்பினர் தன் கட்சிக்காகப் பேசுகிறார். குழு அறையில் உட்காரும்போது மருத்துவர் வருகிறார், போலீஸ் அதிகாரி வருகிறார், பொறியாளர் வருகிறார், கார் உற்பத்தியாளர் வருகிறார். அவர்கள் சொல்வதைக் கேட்டாக வேண்டும். கேள்வி கேட்டாக வேண்டும். எதிர்க்கட்சிக்காரரும் பக்கத்தில் அமர்ந்து அதே சாட்சியத்தைக் கேட்கிறார். அங்கே ஒரு முடிவு எட்டப்பட்டால் அது ஒரு கட்சியின் முடிவாக இருப்பதில்லை. பின்னால் ஆட்சி மாறினாலும் அதைக் கலைப்பது கடினம்.

அவர்கள் முன் நின்ற பெரிய கேள்வி சீட் பெல்ட். இன்று காரில் ஏறியதும் நம் கை தானாகவே பெல்ட்டைத் தேடுகிறது. அன்று அப்படி இல்லை. 1969 தொடக்கம் ஆஸ்திரேலியாவில் விற்கும் புதிய கார்களின் முன் இருக்கைகளில் பெல்ட் இருந்தாக வேண்டும் என்ற விதி வந்துவிட்டது. பெல்ட் காரில் இருந்தது, மார்பில் இல்லை. பெரும்பாலோர் அதைப் போடவில்லை. விளம்பரம் செய்தார்கள், அறிவுரை சொன்னார்கள், பயன் கொஞ்சம்தான்.

அறிவியல் ஏற்கெனவே தெளிவாக இருந்தது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மரத்தில் மோதினால், கார் நின்றுவிடும். உள்ளே இருக்கும் உடல் அதே 60 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் பாயும். கணக்குப் போட்டுப் பார்த்தால், பதினான்கு மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நாலு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து தலைகுப்புற விழுவதற்கு அது சமம். பெல்ட் அந்த உடலைக் காரோடு சேர்த்துப் பிடித்து, காரின் முன்பகுதி நசுங்குகிற அந்தச் சிறு அவகாசத்தை உடலுக்கும் கொடுக்கிறது. வால்வோ நிறுவனப் பொறியாளர் நீல்ஸ் போலின் மூன்று முனைப் பெல்ட்டை வடிவமைத்து 1959-இலேயே அது கார்களில் வந்துவிட்டது. இந்த நாட்டிலேயே ஸ்னோவி மலை நீர்மின் திட்டத்தில், வில்லியம் ஹட்சன் தலைமையில், 1960-ஐ ஒட்டிய காலத்தில் திட்ட வாகனங்களில் பெல்ட் போடுவதைக் கட்டாயமாக்கியிருந்தார்கள். கட்டாயப்படுத்தினால் மனிதர்கள் போடுவார்கள் என்பதற்கு அந்த மலைப்பாதைகளே சாட்சி.

ஆனால் ஒரு திட்டத்தின் ஊழியர்களைக் கட்டாயப்படுத்துவது வேறு; ஒரு மாநிலத்தின் குடிமக்கள் அனைவரையும் கட்டாயப்படுத்துவது வேறு. உலகத்தில் எந்த அரசும் அதுவரை அதைச் செய்யவில்லை. இந்தச் சட்டத்தைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் மூன்று எதிர்ப்புகள் வரும். "என் உயிர், என் கார், அரசுக்கு என்ன?" என்பது முதலாவது. "தீப்பிடித்தால், ஆற்றில் விழுந்தால் பெல்ட்டில் சிக்கிச் சாவேனே" என்பது இரண்டாவது. "போலீஸ் இதையெல்லாமா பார்த்துக்கொண்டிருக்கும்?" என்பது மூன்றாவது.

இரண்டாவது எதிர்ப்புக்கு மருத்துவர்களிடம் பதில் இருந்தது. தீப்பிடிக்கும் விபத்துகளும் நீரில் விழும் விபத்துகளும் மிகமிகக் குறைவு. அவற்றில்கூட, நினைவோடு இருப்பவன்தான் கதவைத் திறந்து வெளியேற முடியும். மோதிய கணத்தில் அவனை நினைவோடு வைத்திருப்பது பெல்ட். முதல் எதிர்ப்புதான் கனமானது; மதிக்க வேண்டியது. தனிமனிதச் சுதந்திரத்தில் சட்டம் எவ்வளவு தூரம் கைவைக்கலாம் என்பது மக்களாட்சியின் நியாயமான கேள்வி. என் பதில் இது: உங்கள் உயிர் உங்களுக்கு மட்டும் சொந்தமானதாக எந்த நாளும் இருந்ததில்லை. பின் இருக்கையில் பெல்ட் இல்லாமல் இருப்பவர் முன்னால் இருப்பவர் மேல் பாய்ந்து அவரையும் கொல்கிறார். தலையில் அடிபட்டு ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடப்பவரை ஒரு மனைவி, ஒரு தாய், ஒரு மகள் பார்த்துக்கொள்கிறாள். அவருக்காக ஓர் ஆஸ்பத்திரிக் கட்டில், ஒரு தாதி, ஊரார் வரிப்பணம் எல்லாம் செலவாகின்றன. இத்தனை பேரைத் தொடுகிற ஒரு செயலை வெறும் சொந்த விருப்பம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குழு, கட்டாயச் சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. வெளியேயும் துணை கிடைத்தது. விபத்தில் சிதைந்தவர்களை நாள்தோறும் மேசையில் கண்ட அறுவை மருத்துவர்கள் அதற்காகக் குரல் கொடுத்தார்கள். தி சன் நாளிதழ் அதன் ஆசிரியர் ஹாரி கார்டன் தலைமையில் "1034 மீது போர் தொடுப்போம்" என்று ஓர் இயக்கமே நடத்தியது. 1034 என்பது அதற்கு முந்தைய ஆண்டில், 1969-இல், சாலையில் மாண்டவர்களின் எண்ணிக்கை. ஹென்றி போல்ட் தலைமையிலான அரசு பரிந்துரையை ஏற்றது. 1970 டிசம்பர் 22 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. பெல்ட் பொருத்தப்பட்ட இருக்கையில் அமர்பவர் அதைப் போட்டாக வேண்டும். உலகிலேயே முதல் சட்டம்.

அடுத்த ஆண்டு, 1971-இல், மாண்டவர்கள் 923 பேர். 1,061 எங்கே, 923 எங்கே! ஒரே ஆண்டில் 138 உயிர்களின் வித்தியாசம். இதைப் பார்த்த மற்ற மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்தொடர்ந்தன. 1973-க்குள் ஆஸ்திரேலியா முழுவதும் சட்டம் வந்துவிட்டது. பிரிட்டனில் முன் இருக்கைக்காரர்களுக்கு இது வந்தது 1983 ஜனவரியில். அமெரிக்காவில் முதல் மாநிலமாக நியூயார்க் இதைக் கொண்டுவந்தது 1984-இல். ஒரு சிறிய மாநிலத்தின் சட்டமன்றக் குழு, பிரிட்டனையும் அமெரிக்காவையும் விடப் பத்தாண்டுகளுக்கும் மேலாக முன்னால் நின்றது.

அவையோரே, இத்தோடு கதை முடிந்ததென்று எண்ண வேண்டாம். ஒரு சட்டம் போட்டுவிட்டு ஓய்ந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் இந்த மாநிலமே காட்டியது. எழுபதுகள் முழுக்க எண்ணிக்கை தொள்ளாயிரத்தை ஒட்டியே ஏறியும் இறங்கியும் நின்றது. பெல்ட் உள்ளே இருப்பவரைக் காக்கும்; குடித்துவிட்டு எதிரே வருபவனைத் தடுக்காது. ஆகவே அடுத்த "ஏன்" கேட்கப்பட்டது. ஓட்டுநரின் ரத்தத்தில் மதுவின் அளவு 0.05 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற சட்டம் 1966-இலேயே இருந்தது. ஆனால் குடித்திருக்கிறாரா என்று அறிய வழி போதவில்லை. 1974-இல், விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வருபவர்களின் ரத்தத்தைக் கட்டாயமாகச் சோதிக்கும் விதி வந்தது. அப்போதுதான் மது எத்தனை விபத்துகளுக்குக் காரணம் என்ற உண்மை முழுதாக வெளிச்சத்துக்கு வந்தது. 1976-இல், ஆஸ்திரேலியாவிலேயே முதலாவதாக, எந்தச் சந்தேகமும் இல்லாமலே எந்த ஓட்டுநரையும் நிறுத்தி மூச்சைச் சோதிக்கும் அதிகாரத்தை விக்டோரியா போலீசுக்குக் கொடுத்தது.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஏற்பாட்டை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். நீங்கள் ஆண்டுதோறும் ரெஜோ எனும் வாகனப் பதிவுக் கட்டணம் கட்டும்போது அதில் டி.ஏ.சி. கட்டணம் என்று ஒரு தொகை இருக்கும். போக்குவரத்து விபத்து ஆணையத்துக்குப் போகிற பணம் அது. 1986-இல் இயற்றிய சட்டத்தின்படி 1987 ஜனவரியில் அந்த ஆணையம் வேலையைத் தொடங்கியது. தவறு யார் மேல் என்று பாராமல், விபத்தில் காயம்பட்டவர்களின் சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் அது செலவு செய்கிறது. இதில் பெரும் நுட்பம் ஒன்று இருக்கிறது. காயத்துக்குப் பணம் கொடுக்கும் அமைப்புக்கு, காயமே நேராமல் தடுப்பதில் லாபம் உண்டு. அதனால் ஆணையம் தன் பணத்தில் விபத்துத் தடுப்பையும் ஏற்றது. 1989 டிசம்பரில் அது மனத்தை உலுக்கும் தொலைக்காட்சி விளம்பரங்களைத் தொடங்கியது. அதே காலத்தில் வேகக் கேமராக்கள் வந்தன; மூச்சுச் சோதனைக்கான பஸ்கள் ஊர் ஊராக நின்றன. 1990 ஜூலையில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமானது. அதுவும் உலகில் முதல் முறை. 1989-இல் 776 ஆக இருந்த சாவு எண்ணிக்கை 1992-இல் 396 ஆனது. மூன்றே ஆண்டில் ஏறத்தாழ பாதி. சட்டம், போலீஸ் கண்காணிப்பு, பணம், பிரசாரம் நான்கும் ஒரே திசையில் இழுத்தால் தேர் நகரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இனி, சாலையும் தண்டவாளமும். மனிதனைத் திருத்துவதோடு பாதையையும் திருத்த வேண்டும். மனிதன் தவறு செய்வான். அந்தத் தவறுக்குத் தண்டனை மரணமாக இருக்கக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது பாதையை வடிவமைப்பவரின் கடமை, அதற்குப் பணம் ஒதுக்குபவரின் கடமை.

2007 ஜூன் 5 அன்று, மாநிலத்தின் வடக்கே கெராங் ஊரருகில், மரே பள்ளத்தாக்கு நெடுஞ்சாலை தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில், மெல்பர்ன் நோக்கி வந்த ரயிலின் மீது ஒரு டிரக் மோதியது. ரயிலில் இருந்த 11 பேர் இறந்தார்கள். அந்த இடத்தில் சிவப்பு விளக்குகள் இருந்தன, மணி இருந்தது, குறுக்குத்தடை இல்லை. வழக்கம்போல் ஓட்டுநர் மேல் பழிபோட்டு முடித்துவிடாமல், சட்டமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு எல்லா ரயில்வே கேட்டுகளின் பாதுகாப்பையும் விசாரித்தது. 2008 டிசம்பரில் அறிக்கை அளித்தது. கேட்டை நெருங்கும் சாலையில் ஓட்டுநரை உசுப்புகிற அதிர்வுக் கோடுகள், வேகக் குறைப்பு, முன்னெச்சரிக்கை விளக்குகள், குறுக்குத்தடைகள் என்று அடுத்தடுத்த நடவடிக்கைகள் வந்தன.

நகருக்குள்ளே ரயில்வே கேட் என்றால் நம்மில் பலருக்கு உடனே கிளேட்டன் ரோடு நினைவுக்கு வரும். காலை வேளையில் ரயில் மேல் ரயிலாகப் போகும். தடை இறங்கியே கிடக்கும். பக்கத்தில் மொனாஷ் மருத்துவமனை. நோயாளியை ஏற்றிய ஆம்புலன்ஸ் கேட்டில் காத்துக் கிடந்த காலம் அது. 2015-இல் தனி அமைப்பு ஒன்றை ஏற்படுத்தி, மெல்பர்னின் 50 ரயில்வே கேட்டுகளை அகற்றும் வேலையை அரசு தொடங்கியது. இலக்கு பின்னர் 110 ஆக விரிந்தது. கால்ஃபீல்டுக்கும் டாண்டனோங்குக்கும் இடையே ஒன்பது கேட்டுகளை நீக்கி, தண்டவாளத்தைத் தூண்கள் மேல் உயர்த்தி, ஐந்து நிலையங்களைப் புதிதாகக் கட்டினார்கள். 2018-இல் அந்தப் பணி முடிந்தது. ரயில் மேலே போகிறது. கீழே பூங்காவும் நடைபாதையும் சைக்கிள் பாதையும் இருக்கின்றன. உயர்ந்த தண்டவாளம் வீட்டு முற்றத்தை எட்டிப் பார்க்கும், இரைச்சல் வரும் என்று அங்கு வாழ்ந்தவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்கள் கவலையும் நியாயமானது. அந்த எதிர்ப்பைக் கேட்டு, பதில் சொல்லி, திருத்த முடிந்ததைத் திருத்தி, வேலையை முடிப்பதுதான் அரசியல்வாதியின் கஷ்டமான பங்கு. சட்டம் எழுதுவதை விட அது சுலபம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நண்பர்களே, இந்த அரை நூற்றாண்டு வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான். நல்ல சட்டமன்ற உறுப்பினர் தெரிந்தவர்களிடம் கேட்கிறார். சாட்சியத்தை எதிர்க்கட்சிக்காரரோடு சேர்ந்து கேட்கிறார். வரவேற்பு இல்லாத சட்டத்தையும் ஆதாரம் இருந்தால் முன்மொழிகிறார். சட்டம் வந்த பிறகு எண்ணிக்கையைத் திரும்பப் பார்க்கிறார். குறையவில்லை என்றால் அடுத்த "ஏன்" கேட்கிறார். 1970-இல் 1,061 ஆக இருந்த எண்ணிக்கை 2020-இல் 211 வரை இறங்கியது. இதற்கிடையில் மக்கள்தொகை ஏறத்தாழ இரட்டிப்பாகியிருக்கிறது. அப்படியென்றால், இன்று நம்மோடு இருக்கிற எத்தனையோ பேர் அந்தக் குழு அறையில் கேட்ட கேள்விகளால் பிழைத்தவர்கள்.

ஆனால் 2023-இல் எண்ணிக்கை மீண்டும் 300-ஐ நெருங்கியது. பதினைந்து ஆண்டுகளில் அவ்வளவு உயர்ந்ததில்லை. வேகம், களைப்பு, போதைப்பொருள், கையில் போன், கிராமப்புறச் சாலைகளின் நிலை என்று பழைய காரணங்களும் புதிய காரணங்களும் கலந்து நிற்கின்றன. வெற்றியை நினைத்து நிம்மதியாக உட்காரும் நேரம் இது இல்லை.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். விக்டோரியாவின் கீழவையில் 88 உறுப்பினர்களும் மேலவையில் 40 உறுப்பினர்களும் இருக்கிறார்கள். உங்கள் தொகுதி உறுப்பினரை நம் விழாக்களுக்கு அழைக்கிறோம், மாலை போடுகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். அடுத்த முறை அவரிடம் உங்கள் பிள்ளைகளின் பள்ளி வாசல் சந்திப்பைப் பற்றிக் கேளுங்கள். அங்கே கடந்த ஐந்து ஆண்டில் எத்தனை விபத்து, என்ன திருத்தம் திட்டமிட்டிருக்கிறது, எப்போது என்று கேளுங்கள். சட்டமன்றக் குழு ஒன்று விசாரணை தொடங்கினால் பொதுமக்களிடம் எழுத்து மூலம் கருத்துக் கேட்கும். யார் வேண்டுமானாலும் எழுதலாம். குழு பரிந்துரைத்தால் ஆறு மாதத்துக்குள் அரசு பதில் சொல்லியாக வேண்டும் என்பது இங்குள்ள விதி. இரவு வேலை முடித்து டாண்டனோங்கிலிருந்தும் கிளேட்டனிலிருந்தும் களைப்போடு காரோட்டி வரும் நம் ஆட்களுக்கு, டாக்ஸியும் டிரக்கும் ஓட்டும் நம் பிள்ளைகளுக்கு, அந்தக் குழுவிடம் சொல்ல நிறைய இருக்கிறது. அவர்கள் கண்டதை அறிக்கை எழுதும் எந்த அதிகாரியும் கண்டிருக்க மாட்டார்.

வால்டர் ஜோனாவும் அவரோடு உட்கார்ந்த உறுப்பினர்களும் சாட்சி சொல்ல வந்தவர்களைக் கேட்டார்கள், கேட்டதைச் சட்டமாக்கினார்கள். இனி வரும் குழுக்களின் முன் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் நாம். எழுதுங்கள், போய்ப் பேசுங்கள், பதில் வரும் வரை விடாதீர்கள்.